காப்பி இயந்திரம் வாங்குமுன்...

தாம்பரம், சேலையூர், குரோம்பேட்டை, மேடவாக்கம் முதலிய நம் தென் புறநகர்ப் பகுதிகளில், அண்மைக் காலமாக நடுத்தரக் குடும்பங்களில் ஒரு புதிய விருப்பம் தலைகாட்டி வருகிறது. பழைய மாமல்லபுரம் சாலையிலுள்ள கணினி நிறுவனங்களில் பணிபுரியும் நம் பிள்ளைகள், அங்கே எஸ்பிரஸ்ஸோ, கப்புச்சினோ ஆகியவற்றின் சுவையை அறிந்திருக்கின்றனர். "நம் வீட்டிலும் அத்தகைய இயந்திரம் ஒன்று வாங்கினால் என்ன?" என்று மகன் கேட்கிறான். விலையைக் கேட்ட தந்தை திகைக்கிறார். "இருக்கிற பில்டருக்கு என்ன குறை?" என்கிறார் தாய். மகனின் விருப்பமும், தந்தையின் தயக்கமும், தாயின் கேள்வியும் ஆகிய மூன்றுமே நியாயமானவைதாம். கிறிஸ்துமஸ் காலச் சலுகை விற்பனையில் அவசரமாக முடிவு செய்வதைவிட, வீட்டிலுள்ளோர் அனைவரும் அமர்ந்து ஆய்ந்து முடிவு செய்வதே நன்று. அவ்வாறு ஆராய்வதற்கு வேண்டிய செய்திகளை இம்மாதம் தொகுத்துத் தருகிறோம்.

எஸ்பிரஸ்ஸோ என்பது யாது?

முதலில் ஒரு மயக்கத்தைத் தெளிவுபடுத்த வேண்டும். நம் திருமண மண்டபங்களிலும் திரையரங்குகளிலும் பல ஆண்டுகளாக 'எஸ்பிரஸ்ஸோ காப்பி' என்று ஒன்று வழங்கப்பட்டு வருகிறது. கரையும் காப்பித் தூளையும் சர்க்கரையையும் பாலையும் கலந்து, அதனுள் நீராவியைச் சீறிப் பாயவிட்டு, நுரை பொங்க ஊற்றி, மேலே சிறிது பழுப்புத் தூளையும் தூவித் தருவார்கள். விருந்தினர்க்கு அது மகிழ்ச்சியளிக்கும் பானமே. ஆயினும் இத்தாலி நாட்டார் எஸ்பிரஸ்ஸோ என்று கூறுவது அதுவன்று. அங்கே நீராவி வெறும் துணைப்பொருள். காப்பியின் சாரத்தை இறக்குவது அழுத்தமேயாகும்.

இத்தாலியிலுள்ள தூரின் நகரில் 1884-ஆம் ஆண்டில் ஆஞ்சலோ மோரியோந்தோ என்பவர், நீராவியின் துணையால் விரைவில் காப்பி இறக்கும் கருவிக்கு உரிமம் பெற்றார். 1901-இல் மிலான் நகரைச் சேர்ந்த லூயிஜி பெஸ்ஸேரா, ஒவ்வொரு கோப்பையாக இறக்கித் தரும் முறையை அமைத்தார். இக்கருவிகளில் அழுத்தம் குறைவு. நீரின் சூடோ மிகுதி. ஆதலால் காப்பி கசந்தது. இக்குறையைப் போக்கியவர் அக்கீலே காஜ்ஜா என்பவர். நெம்புகோலால் நீரை அழுத்தும் அவருடைய இயந்திரம் 1948 முதல் விற்பனைக்கு வந்தபோதுதான், காப்பியின் மேல் பொன்னிற நுரை படரும் இன்றைய எஸ்பிரஸ்ஸோ பிறந்தது. 1961-இல் மின் பம்ப் பொருத்திய இயந்திரம் வந்ததும் மனிதக் கையின் வலிமையும் தேவையற்றதாயிற்று.

இன்று பொதுவாகக் கொள்ளப்படும் அளவு இதுதான்: 18 கிராம் அளவுள்ள நுண்பொடியைச் சிறு வடிகட்டிக் கிண்ணத்தில் இறுக அழுத்தி, 90 முதல் 96 டிகிரி வரை சூடான நீரை ஏறத்தாழ 9 பார் அழுத்தத்தில் அதனூடே செலுத்தினால், 25 முதல் 30 விநாடிகளில் ஏறக்குறைய 36 கிராம் சாறு இறங்கும். நம் சமையலறைப் பிரஷர் குக்கரில் உண்டாவது ஏறத்தாழ 1 பார் அழுத்தமே. அதைப்போல் ஒன்பது மடங்கு என்று எண்ணிப் பார்த்தால், இவ்வியந்திரத்தின் வேலை எத்தகையது என்பது விளங்கும்.

பில்டருக்கும் இயந்திரத்துக்கும் உள்ள வேறுபாடு

நம் வீட்டுப் பில்டரில் அழுத்தமென்பதே இல்லை. மேல் பாத்திரத்தில் பொடியை இட்டு, குடை போன்ற தட்டை மேலே வைத்து, கொதிநீரை ஊற்றி மூடிவிட்டால், நீர் தன் எடையாலேயே துளித்துளியாக இறங்குகிறது. கால் மணியிலிருந்து அரை மணி வரை ஆகலாம். ஆனால் அந்த நேரத்தில் அருகில் எவரும் நிற்கத் தேவையில்லை. மேலும், ஒருமுறை இறக்கிய டிகாக்‌ஷன் ஐந்தாறு பேருக்குப் போதுமானதாகும்.

எஸ்பிரஸ்ஸோ இயந்திரமோ ஒரு தடவையில் ஒன்று அல்லது இரண்டு சிறு கோப்பைகளுக்கு மட்டுமே சாறு தரும். ஒவ்வொரு முறையும் கொட்டையை அரைத்து, அளந்து, அழுத்தி, இறக்கி, சக்கையைத் தட்டி, பாலை நுரைக்கச் செய்து, நீராவிக் குழாயைத் துடைத்தல் வேண்டும். பழகிய கைக்கும் இரண்டு கோப்பைக்கு மூன்று நான்கு நிமிடங்கள் பிடிக்கும். பல இயந்திரங்கள் நன்கு சூடேறுவதற்கே பத்துப் பதினைந்து நிமிடங்கள் வேண்டும். தனித்தனிக் கோப்பைக்காகவே அமைந்த கருவி அது.

சுவையிலும் வேறுபாடு உண்டு. நாம் வாங்கும் பொடியில் பெரும்பாலும் சிக்கரி கலந்திருக்கும். காப்பி - சிக்கரிக் கலவையில் காப்பி 51 விழுக்காட்டுக்குக் குறையலாகாது என்பதும், கலப்பின் அளவைப் பொட்டலத்தின்மேல் அச்சிட வேண்டும் என்பதும் நம் நாட்டு உணவுச் சட்டத்தின் விதிகள். சிக்கரி நீரை உறிஞ்சி ஊதுவது. நீர் மெல்ல இறங்கவும் டிகாக்‌ஷன் கெட்டியாக நிற்கவும் அது உதவுகிறது. அதையே அழுத்த இயந்திரத்தில் இட்டால் துளைகள் அடைபடக்கூடும். எஸ்பிரஸ்ஸோவுக்குச் சிக்கரி சேராத கொட்டையே ஏற்றது. ஆகவே இயந்திரம் வாங்குவோர் பொடியையும் மாற்ற வேண்டும். நாவின் பழக்கத்தையும் மாற்றிக்கொள்ள வேண்டும்.

சூட்டைப் பற்றியும் ஒரு சொல். கப்புச்சினோவுக்குப் பாலை 60 அல்லது 65 டிகிரி அளவுக்குத்தான் சூடேற்றுவார்கள். அதற்கு மேல் போனால் நுரை கெட்டுவிடும். பொங்கிய பாலில் கலந்து, டபராவில் ஆற்றிக் குடித்துப் பழகிய நம் வீட்டுப் பெரியவர்கள், "ஆறிப்போன காப்பியைத் தருகிறீர்களே!" என்று குறைப்படுவது உறுதி.

அந்நியம் என்று தள்ளலாமா?

சிலர், "இது மேனாட்டு மோகம், நம் மரபன்று" என்று ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவர். இவ்வாதம் நிற்காது. காப்பியே நமக்குப் புதிதாக வந்த பொருள்தான். நீராகாரம் பருகிய தமிழகத்தில் காப்பி நுழைந்தபோது அதற்கு எத்துணை எதிர்ப்பு எழுந்தது என்பதை, ஆய்வாளர் ஆ. இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' என்னும் நூலில் எடுத்துக்காட்டியிருக்கிறார். அன்று புதுமோகம் எனப் பழிக்கப்பட்டதே இன்று நம் மரபாகிவிட்டது. அன்றியும், நம் நாட்டுக் காப்பிக்கொட்டையை மிகுதியாக வாங்கும் நாடுகளில் இத்தாலி முதன்மையானது. சிக்மகளூரிலும் குடகிலும் விளைந்த கொட்டை இத்தாலியக் கோப்பைகளில் எஸ்பிரஸ்ஸோவாக நிறைகிறது. எனவே அந்நியமா, நம்முடையதா என்பதன்று கேள்வி. நம் வீட்டிற்குப் பொருந்துமா என்பதே கேள்வி.

அடுப்படியில் நிற்பவர் யார்?

இயந்திரம் பொருந்துமா என்பதை அறிய, வீட்டின் காலை நேரத்தைச் சற்றே எண்ணிப் பார்த்தல் வேண்டும். தாத்தா, பாட்டி, தாய், தந்தை, பணிக்குச் செல்லும் மக்கள் இருவர் என ஆறு பேர் உள்ள இல்லம் ஒன்றைக் கொள்வோம். தந்தைக்கு தாம்பரத்தில் கடற்கரை மின்தொடரைப் பிடிக்க வேண்டும். மகளுக்கு நிறுவனப் பேருந்து காத்திராது. இந்த ஆறு பேருக்கும் இயந்திரத்தில் காப்பி தயாரிப்பதெனில், இவ்விரண்டாக மூன்று தடவை இறக்க வேண்டும். சூடேறும் நேரத்தையும் சேர்த்தால் ஏறத்தாழ அரை மணி. அந்த அரை மணியும் ஒருவர் இயந்திரத்தின் முன் நின்றாக வேண்டும். முதலில் வாங்கிக் குடித்தவர் குளிக்கப் போயிருப்பார். கடைசிக் கோப்பை இறங்கும்போது அதை இறக்கியவரே தனியாக நின்று பருகுவார்.

அவ்வாறு நிற்பவர் யார் என்று கேட்க வேண்டியதில்லை. இயந்திரத்தை விரும்பியவர் மகனாயிருப்பார். ஒரு திங்கள் ஆர்வத்துடன் தாமே இறக்குவார். பிறகு அவ்வேலை தாயின் தலையில் விழும். இட்டிலியையும் மதிய உணவையும் கவனித்துக்கொண்டே, ஒவ்வொருவர் விருப்பத்திற்கும் தனித்தனியே காப்பி இறக்கித் தரும் கடைப் பணியாளர் நிலை அவருக்கு வந்துவிடும். முதல் நாளிரவே பொடியை இட்டு வைத்து, விடியற்காலையில் வெந்நீர் ஊற்றிவிட்டு, எல்லாருடனும் அமர்ந்து தானும் ஒரு டம்ளர் காப்பி பருகும் உரிமையை அந்தப் பில்டர் அவருக்குத் தந்திருந்தது. அவ்வுரிமையைப் பறிக்கும் பொருளை, எவ்வளவு விலை கொடுத்து வாங்கினாலும், வசதி என்று கூற இயலாது.

ஆகவே இயந்திரம் வாங்க விரும்பும் இளைஞர்க்கு நாம் கூறும் முதல் நிபந்தனை: கொட்டையை அரைப்பதும், இறக்குவதும், கழுவுவதும் உன் பொறுப்பே என்று வீட்டார் முன்னிலையில் ஏற்றுக்கொள். அதற்கு மனமில்லையெனில் பேச்சை அத்துடன் முடித்துக்கொள்ளலாம்.

கடையில் காணும் வகைகள்

நிபந்தனையை ஏற்றுக்கொண்டவர் கடைக்குச் சென்றால் பலவகைக் கருவிகளைக் காண்பார்.

மோகா பாத்திரம்: இத்தாலியில் 1933-இல் அல்ஃபோன்சோ பியாலெத்தி அறிமுகப்படுத்தியது. அடியில் நீர், நடுவில் பொடி. அடுப்பில் வைத்தால் நீராவி அழுத்தத்தால் காப்பி மேலேறி மேற்பாத்திரத்தில் நிறையும். அழுத்தம் ஒன்றிரண்டு பார் அளவே. ஆதலால் இது முழுமையான எஸ்பிரஸ்ஸோ அன்று. எனினும் அடர்த்தியான நல்ல காப்பி தரும். மின்சாரம் வேண்டியதில்லை, விலையும் எளியது. அலுமினியத்தால் ஆனது மின்காந்த அடுப்பில் சூடாகாது என்பதை மட்டும் நினைவிற் கொள்க.

நீராவி இயந்திரம்: விலை குறைந்த மின் இயந்திரங்கள் சில இவ்வகையின. பம்ப் கிடையாது, பெட்டியின்மேல் 3.5 பார், 4 பார் என்று குறித்திருக்கும். கொதிநீரே பொடியில் பாய்வதால் கசப்பு மிகும். பெயர் எஸ்பிரஸ்ஸோ இயந்திரம் என்றிருந்தாலும், மோகா பாத்திரத்தினும் மேலானதன்று.

பம்ப் இயந்திரம்: உண்மையான எஸ்பிரஸ்ஸோ இங்கிருந்துதான் தொடங்குகிறது. 15 பார், 20 பார் என்று பெரிய எழுத்தில் விளம்பரம் செய்வார்கள். அது பம்பின் உச்ச ஆற்றல். காப்பிக்கு வேண்டியதோ 9 பார் மட்டுமே. ஆகையால் 20 என்பது 15-ஐவிடச் சிறந்தது என எண்ணி மயங்க வேண்டாம். நீரின் சூடு நிலையாக இருக்கிறதா, வடிகட்டிக் கிண்ணம் கனமான உலோகத்தால் ஆனதா, நீர்த்தொட்டியை எளிதில் கழற்றிக் கழுவ முடிகிறதா என்பவற்றையே பார்க்க வேண்டும்.

குப்பி இயந்திரம்: அடைத்த சிறு குப்பியைச் செருகிப் பொத்தானை அழுத்தினால் போதும். வேலை எளிது, ஆனால் ஒவ்வொரு கோப்பைக்கும் ஒரு குப்பி வாங்கிக்கொண்டே இருக்க வேண்டும். குப்பி கிடைக்காத நாளில் இயந்திரத்தால் பயனில்லை. வெறுங்குப்பிகள் குப்பையாகச் சேர்வதும் ஒரு குறை.

முழுத் தானியங்கி: கொட்டையை அரைப்பது முதல் சக்கையைத் தள்ளுவது வரை தானே செய்யும். விலை மிகுதி, உள்ளே பாகங்கள் பல, பழுதுபார்க்கும் செலவும் அதற்கேற்ப மிகும்.

எவ்வகையானாலும் ஒன்று உறுதி. நேற்று அரைத்த பொடியைக் கொண்டு நல்ல எஸ்பிரஸ்ஸோ இறக்குதல் அரிது. பொடியின் நுண்மை சற்றே மாறினாலும் 30 விநாடியில் இறங்க வேண்டியது 10 விநாடியில் ஓடிவிடும். அல்லது இறங்காமலே நின்றுவிடும். எனவே கொட்டை அரைக்கும் கருவியும் உடன் வேண்டும். பணம் முழுவதையும் இயந்திரத்தில் கொட்டிவிட்டு அரைக்கும் கருவிக்கு வழியின்றி நிற்பதைவிட, நல்ல அரைக்கும் கருவியும் எளிய இயந்திரமும் வாங்குவது அறிவுடைமை.

நம் ஊர்த் தண்ணீர்

பிற ஊரார்க்கு இல்லாத ஒரு கவலை நமக்கு உண்டு. அதுவே தண்ணீர். தாம்பரம், பல்லாவரம், செம்பாக்கம் முதலிய ஐந்து நகராட்சிகளும் ஐந்து பேரூராட்சிகளும் இணைந்து 2021-இல் தாம்பரம் மாநகராட்சி உருவாயிற்று. ஆயினும் பல தெருக்களில் இன்னும் ஆழ்குழாய்க் கிணற்று நீரையும், லாரித் தண்ணீரையும், 20 லிட்டர் கேன்களையும் நம்பியே வாழ்கிறோம். ஆழ்குழாய் நீரின் கடினத்தன்மையைக் குடும்பத் தலைவியர் நன்கறிவர். பருப்பு வேகத் தாமதமாகும், சோப்பு நுரைக்காது, வெந்நீர்க் கலத்தின் கம்பியில் வெள்ளை ஏடு படியும்.

அதே ஏடு காப்பி இயந்திரத்தின் சிறிய கொதிகலனிலும், மயிரிழை போன்ற குழாய்களிலும் படிந்தால், சில திங்களிலேயே இயந்திரம் செயலிழக்கும். இந்தியத் தரக்கட்டுப்பாட்டின்படி குடிநீரில் ஏற்கத்தக்க கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம். வேறு நீர் கிடைக்காத இடத்தில் 600 வரை பொறுத்துக்கொள்ளலாம். மனித உடலுக்குப் பொறுக்கும் அந்த 600, இயந்திரத்திற்குப் பொறுக்காது. அதற்கு 100-ஐச் சுற்றிய அளவே நன்று.

இதற்கு மாற்றாக, ஆர்.ஓ. கருவியில் வடித்த நீரை மட்டும் ஊற்றுவோர் உளர். அதிலும் அளவு வேண்டும். உப்பே இல்லாத நீரில் காப்பியின் சுவை சப்பிட்டுப் போகும். சில இயந்திரங்களில் நீர் இருப்பதை உணரும் மின்முனையும் ஏமாறும். கரைந்த உப்பின் அளவைக் காட்டும் சிறு கருவி சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. அதில் 100 முதல் 150 வரை காட்டும்படி ஆர்.ஓ. கருவியைச் சரிசெய்துகொள்ளுதல் நலம். மேலும் இரண்டு மூன்று திங்களுக்கொருமுறை, இயந்திரத்தின் கையேட்டில் கூறியபடி, எலுமிச்சை உப்புக் கரைசல் கொண்டு ஏட்டை நீக்கிக் கழுவ வேண்டும். உத்தரவாதக் காலத்தில் பழுது நேர்ந்தாலும், ஏடு படிந்ததால் வந்த பழுதை உத்தரவாதத்தில் சேர்க்கமாட்டோம் என்று நிபந்தனை விதிப்போர் பலர். அதைப் படித்துப் பார்த்தபின் பணம் செலுத்துக.

மின்சாரமும் வெளிநாட்டுப் பரிசும்

இவ்வியந்திரங்கள் 1,000 முதல் 1,500 வாட் வரை மின்சாரம் இழுப்பன. சாதாரணச் சிறு பிளக்கில் செருகாமல், நில இணைப்புள்ள 16 ஆம்பியர் பிளக்கில் செருகுதல் வேண்டும். வீட்டு இன்வெர்ட்டரில் இயக்குவது பெரும்பாலும் இயலாது. 1,200 வாட் இயந்திரம் அன்றாடம் அரை மணி இயங்கினால், இரண்டு திங்களில் அதிகம் போனால் 36 யூனிட் ஆகும். செலவு பெரிதன்று; ஆனால் ஏற்கெனவே 500 யூனிட்டின் விளிம்பில் நிற்கும் இல்லத்தார் கருத்தில் கொள்ள வேண்டும். ஏனெனில் அவ்வெல்லையைத் தாண்டினால் கட்டண விகிதமே உயர்கிறது.

அமெரிக்காவிலுள்ள மக்கள் விடுமுறைக்கு வரும்போது அன்புடன் இயந்திரத்தைச் சுமந்து வருவதுண்டு. அங்குள்ள மின்னழுத்தம் 120 வோல்ட். இங்கோ 230 வோல்ட். நேரே செருகினால் கணத்தில் கருகிவிடும். மின்னழுத்தத்தைக் குறைக்கும் மாற்றி வாங்கலாமெனில், 1,500 வாட் தாங்கும் மாற்றி செங்கல் போல் கனக்கும், விலையும் மிகும். அங்கே 60 சுழற்சி, இங்கே 50 சுழற்சி. ஆதலால் பம்பின் வேகமும் மாறும். "இயந்திரம் வேண்டாம், மகனே, நீ வந்தால் போதும்" என்று முன்கூட்டியே எழுதிவிடுதல் நன்று.

எளிய கணக்கு ஒன்று

இயந்திரமும் அரைக்கும் கருவியும் சேர்ந்து 30,000 ரூபாய் என்றும், ஐந்தாண்டு உழைக்கும் என்றும் கொள்வோம். ஓராண்டுக்கு 6,000, ஒரு நாளைக்கு 16 ரூபாய்க்குச் சற்று மிகுதி. ஒரு கிலோ கொட்டையில், 18 கிராம் வீதம், 55 தடவை இறக்கலாம். கிலோ 1,100 ரூபாயெனில் ஒரு தடவைக்கு 20 ரூபாய். பாலும் மின்சாரமும் கழுவும் செலவும் சேர்த்தால், நாள்தோறும் இரண்டு கோப்பை இறக்கும் வீட்டில் கோப்பை ஒன்று 40 ரூபாயை ஒட்டி வரும். வெளியே ஒரு கோப்பைக்கு 200 ரூபாய் கொடுத்து வாரத்தில் நான்கு முறை பருகும் இளைஞர், இயந்திரத்தால் மெய்யாகவே மிச்சம் பிடிக்கலாம். ஆனால் வெளியே பருகும் பழக்கமே இல்லாத குடும்பத்திற்கு இது மிச்சமன்று, புதிய செலவு. தவணையில் வாங்குவோர், 'வட்டியில்லை' என்னும் சொல்லுக்கு அடியில் நடைமுறைக் கட்டணம் ஒளிந்திருக்கிறதா எனவும் பார்க்க வேண்டும்.

முடிவாக

பலர் கூடி வாழும் இல்லத்தில், பாலும் சிக்கரியும் கலந்த காப்பியையே எல்லாரும் விரும்பும்போது, நல்ல பில்டரை விஞ்சிய கருவி இல்லை. ஒருவருக்கு மட்டும் எஸ்பிரஸ்ஸோவில் நாட்டம் உண்டெனில், முதலில் ஒரு மோகா பாத்திரமும் கையால் அரைக்கும் சிறு கருவியும் வாங்கி, ஆறு திங்கள் நாள்தோறும் தாமே இறக்கிப் பார்க்கட்டும். அதன் பின்னும் ஆர்வம் குன்றாதிருந்தால், சென்னையிலேயே பழுதுபார்க்கும் நிலையமும் ரப்பர் வளையம் முதலிய உதிரிப் பாகங்களும் கிடைக்கின்ற ஒரு பம்ப் இயந்திரத்தைத் தம் சம்பாத்தியத்தில் வாங்கட்டும். கணவனும் மனைவியுமாக இருவரே வாழும் இல்லத்தில் நேரமும் பொருளும் இருந்தால் தாராளமாக வாங்கலாம். அவர்கள் அளவுக்கு அது பொருத்தமானதே.

எதை வாங்கினாலும் வாங்கும் முன் வீட்டிலுள்ள தாயிடமோ மனைவியிடமோ, "இதனால் உன் வேலை குறையுமா, கூடுமா?" என்று கேளுங்கள். அவர் தரும் விடைக்கு இணங்க முடிவு செய்யுங்கள்.